தயிரில் ஊறிய கோழியும் எலுமிச்சையில் ஊறிய கோழியும்

மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டிக் கோழி சுடத் தொடங்கிய புதிதில் எனக்கு எலுமிச்சைதான் பழக்கம். மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, இரண்டு பழத்தின் சாறு. பிசைந்து வைத்தால் வேலை முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தயிருக்கு மாறினேன். திரும்பிப் போகும் எண்ணமே இல்லை.

சுவையில் இரண்டும் நல்லவைதான். எலுமிச்சையின் புளிப்பு பளிச்சென்று நாக்கில் ஏறும். தயிர் காரத்தைச் சற்றுத் தணிக்கும். செலவிலும் பெரிய வேறுபாடு இல்லை. என்னை மாற்றியது நேரம்.

எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை தயிரினுடையதைவிடப் பல மடங்கு அதிகம். கொஞ்ச நேரத்திலேயே கறியின் மேற்புறம் வெளுத்துவிடும். சில மணி நேரம் போனால் அந்தப் பகுதி அடுப்பில் ஏறியதும் வறண்டு சக்கையாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு வருவதாகச் சொன்ன உறவினர்கள் மூன்றரைக்கு வந்தார்கள். பத்து மணிக்கே பிசைந்து வைத்த இரண்டு கிலோ நெஞ்சுக்கறியை மெல்லவே முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் தட்டில் அப்படியே வைத்துவிட்டு எழுந்ததை இன்னும் மறக்கவில்லை. தயிருக்கு அந்த அவசரம் கிடையாது. சனிக்கிழமை இரவு பிசைந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் மதியம்வரை பொறுமையாகக் காத்திருக்கும். விருந்தாளி தாமதமானாலும், ஈரக் கரி பற்ற மறுத்தாலும் கறி கெடாது.

இன்னொன்றும் உண்டு. மிளகாயின் காரமும் சிவப்பும் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும், தண்ணீரில் அல்ல. எலுமிச்சைச் சாறு மசாலாவைக் கழுவிக்கொண்டு கரியில் சொட்டும். தயிர் அதைக் கறியோடு பிடித்து வைக்கும்.

ஒரு கிலோ தொடைக்கறிக்குக் கால் கிலோ கெட்டித் தயிர் எடுத்து, துணியில் கட்டி மூன்று மணி நேரம் தொங்கவிடுகிறேன். இதை விட்டால் நீர் கசிந்து, கறி சுடுவதற்குப் பதிலாக வேகும். இரண்டு மேசைக்கரண்டி கடுகெண்ணெயைச் சூடாக்கி இறக்கி, சற்று ஆறியதும் மூன்று தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளைக் கலந்தால் நிறம் இறங்கும். அதோடு தயிர், இஞ்சி பூண்டு விழுது, 15 கிராம் உப்பு. உப்புதான் உள்ளே இறங்கும். மசாலா பெரும்பாலும் மேலேயே நிற்கும் என்பதால் எலும்புவரை கீறிவிடுகிறேன்.

தயிரின் குறை, சீக்கிரம் கருகுவது. கரியில் தழல் அடங்கி வெண்சாம்பல் பூக்கும்வரை கம்பி வலையை வைக்கக் கூடாது. மீனுக்கும் இறாலுக்கும் இன்றும் எலுமிச்சைதான் என் தேர்வு, அதுவும் இருபது நிமிடத்துக்கு மேல் இல்லை.

சோயாப் பாலில் செய்யும், பனீர் போன்ற டோஃபுவை மூன்று முறைதான் சுட்டிருக்கிறேன். அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். அதில் சக்கையாவதற்குத் தசை இல்லை, ஆகவே நேரக் கணக்கு அங்கே பொருந்தாது. அரை மணி நேரம் கனம் வைத்து நீரைப் பிழிந்தபின், தயிர் மசாலாவில் ஒரு கரண்டி வறுத்த கடலை மாவு சேர்த்தபோது பூச்சு உதிராமல் நின்றது. எலுமிச்சையில் ஊறியது சுவையாக இருந்தாலும் வலையில் ஒட்டிக்கொண்டது.

எதில் ஊறவைத்தாலும், சுடும்போது மேலே தடவ வேண்டிய மசாலாவைப் பச்சைக் கறி படுவதற்கு முன்பே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.