அமெரிக்க வீடும் பிரிட்டன் வீடும்: பிளக் முதல் சலவை வரை

வேலைக்காகவோ படிப்புக்காகவோ அமெரிக்காவுக்கோ பிரிட்டனுக்கோ குடிபெயர்பவர்கள் விசா, வாடகை, பள்ளி ஆகியவற்றைத் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். வீட்டுக்குள் என்னென்ன மாறும் என்று கேட்பவர்கள் குறைவு. அந்த மாற்றங்களில் பல மின்னழுத்தம் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

பிரிட்டனில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட்தான் என்பதால், அங்கிருந்து கொண்டுபோகும் மிக்சி பிரிட்டனில் பிளக்கை மாற்றினாலே ஓடும். அதே மிக்சிக்கு அமெரிக்காவில் பாதி அழுத்தமே கிடைப்பதால் மாவு அரைக்கும் வலு இருக்காது. அதன் வாட் அளவைத் தாங்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிச் செல்வதைவிட, 120 வோல்ட்டுக்கென்றே செய்த மிக்சியை வாங்குவது மேல். கைபேசி, மடிக்கணினி சார்ஜர்களில் பெரும்பாலும் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அவற்றுக்கு அடாப்டர் போதும்.

இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியுமிடம் கெட்டில். பிரிட்டனில் 3000 வாட் கெட்டில் சாதாரணம். அமெரிக்காவில் 1500 வாட்டுக்கு மேல் காண்பது அரிது. 20 டிகிரி செல்சியசில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர், வெப்ப இழப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால், முன்னதில் இரண்டு நிமிடத்துக்குள் கொதித்துவிடும். பின்னதில் ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். அமெரிக்க வீடுகளில் பலர் அடுப்பிலோ மைக்ரோவேவிலோ தண்ணீரைச் சுடவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளக்கைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை: பிரிட்டனின் மூன்று முனை பிளக்தான் சிறந்தது. 1947இல் வெளியான தரநிலையைப் பின்பற்றும் அந்தப் பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறது; மற்ற இரண்டைவிட நீளமான எர்த் முனை முதலில் நுழைந்து, மற்ற துளைகளை மூடியிருக்கும் தடுப்பைத் திறக்கிறது. சாக்கெட்டில் பெரும்பாலும் தனிச் சுவிட்சும் உண்டு. தட்டையான இரு தகடுகள் கொண்ட அமெரிக்கப் பிளக் கைக்கு அடக்கமானது என்றாலும், பழைய சாக்கெட்டில் எளிதாகத் தளர்ந்துவிடும். அந்தச் சாக்கெட்டுகளில் தடுப்பும் இருக்காது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல. குளியலறையில் நிலைமை தலைகீழ். அமெரிக்காவில் கைகழுவும் தொட்டிக்கு அருகிலேயே, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சாக்கெட், சோதிக்கும் பொத்தானோடு இருக்கும். பிரிட்டன் குளியலறையில் சவரக் கருவிக்கான சாக்கெட்டைத் தவிர வேறு பெரும்பாலும் கிடைக்காது. விளக்கைக்கூடப் பல வீடுகளில் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்தே போடவேண்டும்.

தண்ணீரில் அமெரிக்க வீட்டுக்கே என் வாக்கு. ஒரே குழாயில் வெந்நீரையும் தண்ணீரையும் கலந்துகொள்வது அங்கே இயல்பு. பிரிட்டனின் பழைய வீடுகளில் இரண்டும் தனித்தனிக் குழாய்களில் வருவதால், ஒன்றில் கை சுடும், மற்றதில் விறைக்கும். பரணில் உள்ள தொட்டியில் தேங்கிய நீர் வெந்நீராக வருவதும், குடிநீரோடு அது கலந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும்தான் இதற்குக் காரணம். அப்படிப்பட்ட வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் சமையலறையின் குளிர்நீர்க் குழாயையே பயன்படுத்த வேண்டும். புதிய வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு.

சலவை இயந்திரம் பிரிட்டனில் பெரும்பாலும் சமையலறை மேடைக்கு அடியில் இருக்கும். குளிர்நீரை எடுத்துத் தானே சூடாக்கிக்கொள்வதால் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். மேலிருந்து துணி போடும் அமெரிக்க இயந்திரம் அதைவிட விரைவாக முடித்துவிடும், ஆனால் தண்ணீரை அதிகம் குடிக்கும். அங்கே தனி ட்ரையர் வழக்கம். மின்சார ட்ரையராக இருந்தால் அதற்கென்று 240 வோல்ட் இணைப்பே கொடுத்திருப்பார்கள். பிரிட்டனில் பலர் துணியை அறைக்குள் கொடிச் சட்டத்தில் காயவைக்கிறார்கள். குளிர்காலத்தில் அந்த ஈரம் சுவரில் பூஞ்சையாகப் படியும் என்பதால், துணி காயும் அறையின் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைச் சற்றுத் திறந்துவைப்பது அவசியம்.