மீன் தொட்டி ஏர் பம்புக்கு வால்வு, டியூப், கல்: தர்மபுரியில் வாங்கி ஓட்டிப் பார்த்தது

மீன் தொட்டிக்கு ஏர் பம்ப் வாங்கப் போனால் எல்லாரும் பம்பைத்தான் பார்க்கிறோம். எத்தனை வாட், எத்தனை அவுட்லெட், சத்தம் வருமா என்று கேட்டுவிட்டு, டியூபும், அதன் நுனியில் மாட்டிக் காற்றைக் குமிழியாக விடும் கல்லும் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்கி வந்துவிடுகிறோம். நானும் முதல் தடவை அப்படித்தான் வாங்கினேன். தர்மபுரியில் பதினெட்டு வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். கிணற்று மோட்டாருக்கு, ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு இல்லாமல் யாராவது பைப் இறக்கினால் அங்கேயே நிறுத்திவிடுவேன். அதே வேலையைச் செய்யும் வால்வு ஒன்று மீன் தொட்டிக்கும் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். நான்கு கோல்டு ஃபிஷ். ஆறாவது படிக்கும் மகள் கேட்டு வாங்கியது.

போன சித்திரையில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடியில் போய்ப் படுத்தோம். விடிந்ததும் மகள் ஓடி வந்து எழுப்பினாள். “அப்பா, தொட்டில பாதித் தண்ணியக் காணோம். கீழ எல்லாம் ஈரமா இருக்கு.” பம்பை தொட்டிக்குக் கீழே மரத் தட்டில் வைத்திருந்தேன். காற்று நின்றதும் தண்ணீர் டியூபுக்குள் திரும்பி வந்திருக்கிறது. ஒருமுறை விளிம்பைத் தாண்டிவிட்டால் போதும், அப்புறம் தானே இழுத்துக்கொள்ளும். டீசல் கேனில் டியூப் போட்டு உறிஞ்சிவிடுவோமே, அதே மாதிரி. பம்புக்குள் இறங்கி, அங்கிருந்து தரையில் ஓடி, ஸ்விட்ச் போர்டு பக்கம் வரைக்கும் ஈரம். மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தேன். மீன்கள் பிழைத்தன, பம்ப் போய்விட்டது. அது போனதில் வருத்தமில்லை. கரண்ட் வந்த நேரத்தில் குழந்தை அந்த ஈரத்தில் நின்றிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. பம்பை விற்றவர் வால்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த பம்பை வேறு கடையில் வாங்கினேன். பென்னாகரம் ரோட்டில் இருக்கும் சின்னக் கடை. சென்னை கொளத்தூரிலிருந்து மீன் எடுத்து வந்து விற்கிறார், இளவயசுப் பையன். உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வியே, “பம்ப எங்கண்ணா வைக்கப் போறீங்க? தண்ணி மட்டத்துக்கு மேலயா, கீழயா?” அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

மேலே வைக்க இடம் இருந்தால் மேலேயே வையுங்கள், இல்லையென்றால், தண்ணீரைத் திரும்ப விடாத ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு கட்டாயம் என்றார். முப்பது ரூபாய். விரல் நுனி அளவு பிளாஸ்டிக், உள்ளே ஒரு ரப்பர் நாக்கு, வெளியே ஒரு அம்புக்குறி. அம்பு தொட்டியைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் காற்றே போகாது. பெட்டியிலிருந்து ஐந்தாறு வால்வை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் ஊதிப் பார்த்தார். ஒரு பக்கம் காற்று லேசாகப் போக வேண்டும், மறுபக்கம் சுத்தமாக அடைக்க வேண்டும். இரண்டு வால்வு மறுபக்கமும் சொய்யென்று கசிந்தன. அவற்றைத் தனியாக எடுத்துப் போட்டுவிட்டு நல்லதைக் கொடுத்தார். நீங்கள் எங்கே வாங்கினாலும் இப்படி ஊதிப் பார்த்தே வாங்குங்கள். ரப்பர் நாள்பட்டால் விறைத்துவிடும் என்பதால் நான் மூன்று மாசத்துக்கு ஒருமுறை கழற்றி ஊதிப் பார்க்கிறேன். வால்வைத் தொட்டிக்கு வெளியே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே, விளிம்புக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். மாட்டிய அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் வால்வைத் தாண்டவில்லை.

டியூபில் இரண்டு வகை. சாதாரண பிளாஸ்டிக் டியூப் மலிவு, ஆனால் ஒரு வருஷத்தில் மஞ்சளித்து விறைத்து, மாட்டிய இடத்தில் வாய் விரிந்து காற்று கசியும். சிலிக்கான் டியூப் மீட்டருக்குப் பத்துப் பதினைந்து ரூபாய்தான் கூட. வளைத்தாலும் சட்டென்று மடங்கி அடைத்துக்கொள்ளாது. இரண்டு மீட்டர் வாங்கினேன், மிச்சமும் இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கல்லை, அதாவது ஏர் ஸ்டோனைத்தான். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் குடிக்கப் பிடிக்கவே குடம் போதாது, மீனுக்கெல்லாம் போர் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் கல் ஒன்றரை மாசத்தில் வெள்ளை பூத்துவிடும். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதனால் கல்லில் படிவதும் ஃபுளோரைடு என்று சிலர் சொல்கிறார்கள். அது இல்லை. வடிசட்டியிலும் ஹீட்டர் காயிலிலும் படிகிறதே, அதே சுண்ணாம்புதான். கல்லின் துளைகளை அது அடைத்ததும், பொடிப் பொடியாக வந்த குமிழி ஒரே ஓட்டையிலிருந்து பெரிசு பெரிசாக வர ஆரம்பிக்கும். அதைப் பார்த்ததும் கல்லை வெளியே எடுத்துவிட வேண்டும்.

வெள்ளை வினிகர் ஒரு டம்ளர் ஊற்றி அதில் கல்லைப் போடுகிறேன். போட்டதும் சோடா மாதிரி நுரைக்கும். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி, நன்றாகக் காயவிட்டு, பம்பில் மாட்டி ஓடவிட்டால் உள்ளே இருக்கும் மிச்சமும் வந்துவிடும். சோப்புத் தூள் பக்கம் போகவே வேண்டாம், கல் குடித்துவிட்டு மீனுக்குக் கொடுக்கும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்க்காதீர்கள், அதிலிருந்து வரும் வாயு ஆளுக்கே ஆபத்து. மணலை ஒட்டிச் செய்த மலிவுக் கல் இரண்டாவது தடவையே உதிர்ந்துவிட்டது. உருளையாக, கையில் கனமாக இருந்த கல் நான்கு தடவை கழுவியும் அப்படியே இருக்கிறது. கடையில் ரொம்பப் பொடிக் குமிழி வரும் தட்டுக் கல்லும் வைத்திருந்தார். அழகுதான், ஆனால் அதற்கு அழுத்தம் அதிகம் வேண்டும், சின்ன பம்புக்கு ஆகாது என்று அவரே வேண்டாமென்றார். குமிழி எவ்வளவு பொடியாக வருகிறது என்பதைவிட, அது மேலே வந்து தண்ணீரைப் புரட்டிவிடுகிறதா என்பதுதான் மீனுக்கு முக்கியம். பெரும்பாலான காற்று மேல்மட்டத்தில்தான் தண்ணீரில் கரைகிறது.

அடைத்த கல் பம்பையும் கெடுக்கும். செத்துப்போன பம்பை என் கடையில் வைத்துத் திறந்து பார்த்தேன். நாலு ஸ்க்ரூ. உள்ளே ஒரு காயில், ஒரு கம்பி நுனியில் காந்தம், அதில் ஒட்டிய ரப்பர் கிண்ணம். நம் கரண்ட் 50 சைக்கிள், அதனால் அந்த ரப்பர் விநாடிக்கு ஐம்பது தடவை அமுங்கி விரிகிறது. வெளியே வழி அடைபட்டால் அத்தனை அடியும் ரப்பரில்தான் விழும். பம்ப் ஓடும் சத்தம் இருந்து காற்று மட்டும் வரவில்லையென்றால் முதலில் இந்த ரப்பரைப் பாருங்கள். கிழிந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், பம்பைத் தூக்கிப் போட வேண்டாம். காற்றைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோல் வால்வு வைத்திருப்பவர்கள் எல்லாத் திருகையும் ஒரேயடியாக மூடிவிடாதீர்கள். காற்று அதிகம் என்றால் ஒரு திருகை வெளிக்காற்றில் கொஞ்சம் திறந்து விடுங்கள். பம்பின் அடியில் தபால்தலை அளவுக்கு ஒரு பஞ்சு இருக்கும், தூசி அடைத்தால் அதையும் தட்டிவிட்டு மாட்டுங்கள்.

இன்னொரு செலவும் செய்தேன், அதில் சந்தோஷம்தான். கரண்ட் போனால் தானே ஓட ஆரம்பிக்கும் பேட்டரி பம்ப். மாசத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இருக்காது. வெயில் காலத்தில் அந்த நாள்தான் பயம். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மீன்கள் மேலே வந்து வாய் வாயாகத் திறக்கும் காட்சியை மகள் ஒருமுறை பார்த்துவிட்டு அழுதாள். போன மாசம் கரண்ட் நின்ற அன்றைக்கு பேட்டரி பம்ப் மதியம் வரை ஓடியது. மீன்கள் அடியிலேயே கூழாங்கல்லைக் கிளறிக்கொண்டிருந்தன.

அந்த மீன் கடையில் குறையும் உண்டு. டியூபைக் கண்ணாடியில் பிடித்து வைக்கும் சக்கர் இரண்டு வாங்கினேன், இரண்டும் ஒரே மாசத்தில் பிடி விட்டுவிட்டன. பில் தருவதில்லை, கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவரால் நின்று பேச முடியாது, வார நாளில் சாயங்காலம் போனால் பொறுமையாக ஊதிப் பார்த்துக் கொடுப்பார். மாற்று ரப்பரும் வைத்திருக்கிறார், ஆனால் வெளியே தொங்காது. பம்பைக் கையோடு எடுத்துப் போய்க் கேளுங்கள், அளவு பார்த்து உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்.