நான்கு வருடமாக நெமோனிக் வைத்து ஆங்கில வார்த்தைகள் படிக்கிறேன்: என் அனுபவம்

'அபேட்' என்றால் தணிதல், குறைதல். இதை மூன்று தடவை மனப்பாடம் செய்து மூன்று தடவையும் மறந்திருக்கிறேன். நான்காவது தடவை, வலி குறைந்தவுடன் வாயில் தானாக வருமே 'அப்பாடா', அதோடு இந்த வார்த்தையை முடிச்சுப் போட்டு வைத்தேன். இப்படிப் போடும் ஞாபகக் குறிப்புக்குத்தான் நெமோனிக் என்று பெயர். நான்கு வருடமாகிறது, இன்னும் மறக்கவில்லை. வெளிநாட்டு மேல்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்காக ஆரம்பித்த பழக்கம் இது. தேர்வு எழுதி முடித்த பிறகும் படிப்பதற்கும் எழுதுவதற்கும் வார்த்தை தேவைப்பட்டதால் விடாமல் தொடர்கிறேன். பத்து நாள் முயன்று பார்த்துவிட்டு அருமை என்று எழுதியவர்கள் நிறையப் பேர், ஆனால் இரண்டு மூன்று வருடம் போனால் அந்த வார்த்தைகள் என்ன ஆகின்றன என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லோரையும் போல அகர வரிசைப் பட்டியலைத்தான் எடுத்தேன். ஒரு நாளைக்கு முப்பது வார்த்தை, பக்கத்திலேயே பொருள், திரும்பத் திரும்ப வாசிப்பது. அகர வரிசையில் படிப்பதில் பெரிய தொல்லை, ஒரே மாதிரி ஒலிக்கும் வார்த்தைகள் எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும். 'அபேட்', 'அப்ஹார்', 'அப்ஜூர்', 'அப்ரகேட்' எல்லாம் ஒரே நாளில் படித்தால் மறுநாள் காலையில் எது வெறுப்பது, எது ரத்து செய்வது என்று எதுவுமே பிரிந்து தெரியாது. மறதி பற்றி 1885-லேயே ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் எழுதிவிட்டார், தன்னையே சோதனைப் பொருளாக்கி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்தவர் அவர். பொருளோடு ஒட்டாத வார்த்தையும் அர்த்தமில்லாத அசையும் மூளைக்கு ஒன்றுதான் என்பது எனக்கு அந்தப் பட்டியலைப் படித்த மாதங்களில் நன்றாகவே புரிந்தது.

அப்புறம்தான் கீவேர்ட் முறை பற்றித் தெரிய வந்தது. 1975-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் அட்கின்சனும் மைக்கேல் ராவும் ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்கு 120 ரஷ்ய வார்த்தைகளை மூன்று நாளில் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். புது வார்த்தையின் ஒலிக்கு நெருக்கமான ஒரு தாய்மொழி வார்த்தையைப் பிடிப்பது, அந்த வார்த்தையையும் உண்மையான பொருளையும் ஒரே காட்சியில் கொண்டுவருவது, முறை இவ்வளவுதான். எல்லா வார்த்தைகளையும் சேர்த்து வைத்த தேர்வில் இந்த முறையில் படித்தவர்கள் 72 சதவீதம் எடுத்தார்கள், மற்றவர்கள் 46. ஆறு வாரம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் மறுபடி கேட்டபோது 43, 28. முறை வேலை செய்கிறது என்பது தெரிகிறது. ஆனால் அந்த 43-ஐயும் கவனியுங்கள். நல்ல முறையில் படித்தவர்களுக்கே ஆறு வாரம் கழித்து மொத்த வார்த்தைகளில் பாதிக்கு மேல் நினைவில் இல்லை. இதை நான் அப்போது கவனிக்கவில்லை, பிறகு பட்டுத் தெரிந்துகொண்டேன்.

தமிழ் இதற்கு எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பது எனக்கு இன்றும் சந்தோஷமான விஷயம். 'வேசிலேட்' என்றால் முடிவெடுக்க முடியாமல் ஊசலாடுவது: வாசலில் நின்றுகொண்டு உள்ளே போவதா திரும்பிவிடுவதா என்று தவிக்கும் ஒருவரை நினைத்துக்கொண்டேன். 'பேலிட்' என்றால் வெளிறிய: சுவரில் ஒட்டியிருக்கும் பல்லி. 'கேண்டிட்' என்றால் ஒளிவுமறைவு இல்லாத: கண்டதைக் கண்டபடி சொல்பவர். 'மிட்டிகேட்' இன்னும் சுலபம், மட்டுப்படுத்துவது, ஒலியும் பொருளும் இரண்டும் வந்துவிட்டன. 'வெனரேட்' என்றால் வணங்கிப் போற்றுவது, அங்கே காட்சியே தேவைப்படவில்லை.

இவை எல்லாம் நானே உட்கார்ந்து யோசித்தவை. இணையத்தில் தயாராகக் கிடைக்கும் குறிப்புகளையும் இருநூறு வரை எடுத்து வைத்தேன், அவற்றில் இன்று நினைவில் இருப்பது மிகக் குறைவு. அவற்றை எழுதியவர் மனதில் ஓடிய காட்சி எனக்கு ஓடவில்லை, சிலது வேறொரு மொழி தெரிந்தால்தான் புரியும். அப்போது எனக்கு இரட்டை வேலை ஆனது, வார்த்தையையும் மனப்பாடம் செய்ய வேண்டும், அதற்கான குறிப்பையும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு வார்த்தைக்கு ஐந்து நிமிடம் மண்டையைக் குடைந்துகொண்டு எதுவும் கிடைக்காமல் போனால்கூட, அந்த ஐந்து நிமிடமும் அந்த வார்த்தையோடுதானே இருந்திருக்கிறோம், அதுவே பாதி வேலையை முடித்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

சரி, எங்கே சறுக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். 'ஏரிட்' என்றால் வறண்ட. நான் போட்ட குறிப்பு ஏரி. வறண்டுபோன ஏரி என்று நினைத்துத்தான் வைத்தேன், ஆனால் இரண்டு மாதத்தில் 'வறண்டுபோன' உதிர்ந்து ஏரி மட்டும் மிஞ்சியது. ஒரு மாதிரித் தேர்வில் நீர் நிறைந்த என்ற பொருளில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விடையைப் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: குறிப்பில் வரும் பொருள் தனியாக நின்றாலும் சரியான பக்கமே காட்ட வேண்டும். இதே ஆபத்து ஆங்கிலத்துக்குள்ளேயும் உண்டு. 'எனர்வேட்' என்பதைக் கேட்டால் எனர்ஜி கொடுப்பது போலத் தோன்றும், உண்மையில் சக்தியை உறிஞ்சுவது. 'ரெஸ்டிவ்' ஓய்வாக இருப்பதல்ல, நிலைகொள்ளாமல் தவிப்பது. 'நாய்சம்' என்பதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது துர்நாற்றம். இந்த மாதிரி வார்த்தைகளுக்கு ஒலியை நம்பினால் மாட்டிக்கொள்வோம், இவற்றுக்கு மட்டும் வேர்ச்சொல்லுக்குப் போய்விடுவேன். 'எனர்வேட்'டின் லத்தீன் வேரைப் பார்த்தால் நரம்பை உருவி எடுப்பது என்று வருகிறது. நரம்பு தளர்ந்துபோவது என்று நாமும் சொல்கிறோமே, அதன் பிறகு குழப்பமே இல்லை.

இதைவிட எனக்கு மனதில் தைத்தது வேறொன்று. வேலையை விட்டுப் போகும் ஒரு நண்பருக்கு எல்லோரும் வாழ்த்து எழுதியபோது, அவர் கலகலவென்று பேசுபவர் என்று பாராட்டுவதாக நினைத்து 'கேருலஸ்' என்று எழுதிவிட்டேன். நான் படித்த பட்டியலில் 'அதிகம் பேசுபவர்' என்று மட்டும்தான் இருந்தது. உண்மையில் அந்த வார்த்தையில் தொணதொணவென்று அறுப்பவர் என்ற சலிப்பு இருக்கிறது. அவர் எதுவும் சொல்லவில்லை, இன்னொருவர்தான் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். மறுநாளே மன்னிப்புக் கேட்டேன். ஞாபகக் குறிப்பு பொருளைக் கொண்டுவந்து கொடுக்கும், அந்த வார்த்தையின் குணத்தைக் கொடுக்காது. யாரைப் பற்றிச் சொல்லலாம், எந்த வார்த்தையோடு சேர்ந்து வரும், புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பதெல்லாம் வாக்கியத்தில் பார்த்தால் மட்டுமே பிடிபடும். ஜிஆர்இ-யில் 2011-க்கு முன்னால் எதிர்ச்சொல் கேள்விகள் தனியாக இருந்தன, ஒற்றை வரிப் பொருள் தெரிந்தால் ஓரளவு ஓட்டிவிடலாம். அதை எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்தில் பொருந்தும் வார்த்தையைத்தான் கேட்கிறார்கள், ஆறு வார்த்தைகளில் வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஒலிக்குறிப்பை மட்டும் நம்பிப் போனால் அங்கே திண்டாட்டம்தான்.

வேர்ச்சொல் பக்கம் வந்ததற்கு அந்த வாழ்த்து அட்டையும் ஒரு காரணம். லத்தீனில் 'அனிமஸ்' என்றால் மனம். இந்த ஒன்று தெரிந்த அன்று எனக்கு நான்கு வார்த்தைகள் ஒரே நேரத்தில் திறந்தன. 'மேக்னானிமஸ்' பெரிய மனம், பெருந்தன்மை. 'புசிலானிமஸ்' மிகச் சிறிய மனம், கோழை. 'ஈக்வனிமிட்டி' சமமான மனம், பதறாத நிலை. 'யுனானிமஸ்' ஒரே மனம், நாம் 'ஒருமனதாக' என்று சொல்வதேதான்! இரண்டு மொழிகளும் எங்கோ தனித்தனியாக ஒரே இடத்தைத் தொட்டிருக்கின்றன என்று பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. 'ப்ரொக்ராஸ்டினேட்'டுக்குள் 'க்ராஸ்' இருக்கிறது, லத்தீனில் நாளை. நாளை நாளை என்று தள்ளுவது, வேறென்ன வேண்டும்? 'கேண்டிட்'டின் வேரும் பிறகு தெரிந்தது, வெண்மை. பதவிக்குப் போட்டியிட்ட ரோமானியர்கள் வெளுத்த அங்கி அணிந்ததால்தான் 'கேண்டிடேட்' என்ற சொல்லே வந்தது. இப்போது எனக்குக் கண்டதைச் சொல்பவரும் வெள்ளை அங்கியும் சேர்ந்தே வருகிறார்கள்.

கதை உள்ள வார்த்தைகளுக்கு எதுவுமே போட வேண்டியதில்லை. 'லகானிக்' என்றால் சுருக்கமாகப் பேசும். பழங்கால கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டா இருந்த பகுதி லகோனியா. உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் என்ன செய்வேன் தெரியுமா என்று மாசிடோனிய மன்னன் பிலிப் மிரட்டி அனுப்பியதற்கு ஸ்பார்ட்டாக்காரர்கள் 'நுழைந்தால்' என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பியதாக கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். இதைக் கேட்டவர் யாரும் மறப்பார்களா?

ஒரு வார்த்தையை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஜிஆர்இ பட்டியல்களில் 'பரையா' என்று ஒன்று வரும், சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர் என்று பொருள் போட்டிருப்பார்கள். அது நம் மொழியிலிருந்து போனது, பறையர் என்ற பெயரிலிருந்து. அதற்கு நான் எந்தக் குறிப்பும் போடவில்லை. வாசிக்கும்போது புரிய வேண்டும், அவ்வளவு போதும். ஒரு மக்களின் பெயரை அந்தப் பொருளில் என் கையால் எழுத எனக்கு மனம் வராது, தேவைப்படும் இடத்தில் 'அவுட்காஸ்ட்' என்றுதான் எழுதுகிறேன்.

மறுபார்வைக்கு ஆன்கி பயன்படுத்துகிறேன். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று நாம் எழுதி வைத்த அட்டையை, மறக்கப் போகும் நேரம் பார்த்துக் காட்டும் செயலி, 2006-லிருந்து இருக்கிறது. நல்ல கருவி, ஆனால் தொடக்கத்தில் ஆசைப்பட்டு ஒரு நாளைக்கு இருபத்தைந்து புது அட்டை வைத்தேன். ஒன்றரை மாதத்தில் தினசரி மறுபார்வை இருநூறைத் தாண்டியது. உடம்பு சரியில்லாமல் இரண்டு வாரம் திறக்காமல் விட்டு, திரும்ப வந்து பார்த்தபோது மலை போலக் குவிந்திருந்தது. கிட்டத்தட்ட கைவிடும் நிலை. இப்போது புது அட்டை எட்டுதான். 2023-ல் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புது அட்டவணை முறையை அதிலேயே சேர்த்தார்கள், அதில் எத்தனை சதவீதம் நினைவில் இருக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம், 90 என்று இருந்ததை 85 ஆக்கினேன். கொஞ்சம் மறக்கிறது, ஆனால் வேலை வெகுவாகக் குறைந்தது. அட்டையின் முன்பக்கம் தனி வார்த்தை போடுவதையும் நிறுத்திவிட்டேன். நான் எங்கோ உண்மையில் படித்த வாக்கியம், அதில் அந்த வார்த்தை இருக்கும் இடம் காலி. பின்பக்கம் வார்த்தை, அதற்குக் கீழே சின்னதாக ஞாபகக் குறிப்பு.

இந்த நான்கு வருடத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: குறிப்புகள் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன, வார்த்தைகள் நின்றுவிட்டன. போன மாதம் ஒரு கட்டுரையில் 'வேசிலேட்' வந்தது, படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போன பிறகுதான் வாசலும் அந்த ஆளும் வரவே இல்லை என்று உறைத்தது. முதல் வருடத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் குறிப்பு, காட்சி, பொருள் என்று மூன்று படி ஏற வேண்டியிருக்கும், வேகமாக யாராவது பேசினால் நான் வாசலைத் திறப்பதற்குள் அவர் மூன்று வாக்கியம் தாண்டிப் போயிருப்பார். இப்போது நேராகப் பொருள் வந்து நிற்கிறது. ஆனால் படிப்பிலும் எழுத்திலும் திரும்பச் சந்தித்த வார்த்தைகளுக்கு மட்டும்தான் இது நடந்தது. ஆன்கியில் மட்டுமே பார்த்த வார்த்தைகளுக்கு இன்னும் குறிப்பு வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்குக் குறிப்பும் போய்விட்டது, வார்த்தையும் போய்விட்டது. அவற்றை நீக்கிவிட்டேன், முந்நூறுக்குப் பக்கம் இருக்கும், வருத்தமாக இல்லை.

இன்று காலை சேர்த்த வார்த்தை 'ஆப்டுரேட்'. எதற்கும் இளகாத பிடிவாதம். உள்ளே 'டூரஸ்' இருக்கிறது, கடினம் என்று பொருள், 'டியூரபிள்' இதற்கு உறவு. கல்நெஞ்சு என்று பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். முன்பக்கம் இன்னும் காலிதான், படிக்கும்போது ஒரு நல்ல வாக்கியம் கண்ணில் படட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.