ஜகார்த்தா–பாண்டுங் வூஷ்: ஜாமீன் கேட்காமல் வந்த ரயில்

நூற்பாலை உதிரிபாகங்கள் விற்கிற எனக்கு இந்தோனேசியாவின் பாண்டுங் பழைய வாடிக்கை ஊர். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஜகார்த்தாவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காரில் போவேன். சுங்கச்சாலை நெரிசலில் பாதி நாள் கரையும். இந்த முறை வூஷ் என்ற அதிவேக ரயில்.

ஜகார்த்தாவின் பிளாக் எம் பகுதியிலிருந்து மெட்ரோ ஏறினேன். அது ஜப்பான் கடன், ஜப்பான் பெட்டி. டுக்கு அத்தாஸ் நிலையத்தில் மாறிய எல்.ஆர்.டி. என்ற இலகு ரயிலின் பெட்டிகள் மடியூன் ஊர் ஆலையில் உள்நாட்டிலேயே செய்தவை. வூஷ் புறப்படும் ஹாலிம் நிலையத்தில் காத்திருந்தது சீன ரயில். ஒரே காலையில் மூன்று கடை சரக்கு!

நான் போனபோது சாதாரண வகுப்பு டிக்கெட் 2,50,000 ரூபியா, நம் பணத்தில் சுமார் 1,300 ரூபாய். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு இருக்கை. கால் நீட்ட இடம் தாராளம். வேகம் 350 கிலோமீட்டரைத் தொட்டபோது கொட்டேஷனில் கையால் ஒரு திருத்தம் எழுதினேன். எழுத்து கோணவில்லை. அரை மணி நேரத்தில் நான் இறங்க வேண்டிய பாடலாராங் நிலையம்.

வியாபாரியின் கண்ணோடு பார்த்தால் ரயிலைவிட அதை வாங்கிய விதம்தான் சுவாரசியம். சாத்திய ஆய்வை ஜப்பான்தான் செய்தது. பிறகு சீனா போட்டிக்கு வந்தது. ஜப்பான் சொன்ன வட்டி 0.1 சதவீதம், ஆனால் அரசு ஜாமீன் போட வேண்டும். சீனாவின் வட்டி 2 சதவீதம்; ஜாமீன் வேண்டாம். 2015இல் இந்தோனேசியா வட்டி அதிகமான சரக்கையே எடுத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனம். பங்காளிக்கு ஜாமீன் போட்டு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் விட்டவர்களைக் கண்ட எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏமாந்த ஜப்பானையும் அடுத்த ஆர்டருக்கு அழைத்தார்கள்: பாடிம்பான் துறைமுகம் ஜப்பான் கடனில் எழுந்தது.

ஆனால் கணக்கு அத்தோடு முடியவில்லை. 2019இல் ஓட வேண்டிய ரயில் 2023 அக்டோபரில்தான் ஓடியது. செலவு சுமார் 120 கோடி டாலர் கூடியது. அரசுப் பணம் ஒரு காசும் போகாது என்றார்கள். 2021இல் அந்தக் கதவைத் திறந்தார்கள். கூடுதல் செலவுக்கு வாங்கிய கடனுக்கு 2023இல் அரசு ஜாமீனுக்கும் வழி செய்தார்கள். எதைத் தவிர்க்க இரண்டு சதவீதம் ஒப்புக்கொண்டார்களோ, அதுவே பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. முதல் கொட்டேஷனில் இல்லாத செலவை யார் தலையில் கட்டுவது என்பதை ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டாமா? நான் பேரிங் விற்கும்போதே எழுதி வாங்குகிறேன்.

பயணிக்குக் குறை ஒன்றுதான்: பாடலாராங் பாண்டுங் அல்ல. அங்கிருந்து இணைப்பு ரயிலில் இன்னும் இருபது நிமிடம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வூஷின் கடைசி நிலையமான டெகல்லுவாரும் நகருக்கு வெளியேதான். எந்த ஆலைக்குப் போகிறீர்கள் என்று பார்த்து நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்.

காலையில் ஆள் பார்க்க வேண்டியவர்கள் தயங்காமல் வூஷில் போகலாம். திரும்பும்போது எனக்கு அவசரம் இல்லை. ஆர்டர் கையில் இருந்தது. பழைய மலைப்பாதை ரயிலில் ஜன்னல் ஓர இருக்கை வாங்கி, பள்ளத்தாக்குப் பாலங்களை எண்ணிக்கொண்டு மூன்று மணி நேரம் வந்தேன்.