நாலு நட்டு வண்டிக்கு அஞ்சு ஓட்டை டிஸ்க்

கொட்டிவாக்கம், பாலவாக்கம், திருவான்மியூர் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முன் பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு) இரண்டையும் மாற்றியதாகச் சொல்லி என்னிடம் 13,900 ரூபாய் வாங்கினார்கள். மாற்றவில்லை. மாற்றாதது இருக்கட்டும், கழற்றவே இல்லை. ஐந்து வாரம் கழித்து வீட்டு வாசலில் நானே சக்கரத்தைக் கழற்றியபோதுதான் அது தெரிந்தது. மெக்கானிக் ஷெட்டின் பெயரை இங்கே போடவில்லை. பணம் கொஞ்சம் திரும்ப வந்திருக்கிறது, மீதிக்குப் பேச்சு நடக்கிறது.

வண்டி 2012 ஹோண்டா சிட்டி, அப்பாவுடையது. அப்பா கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டார். அந்த நாலு மாதமும், மழைக்காலம் முழுக்க, வண்டி திறந்த வெளியில் நின்றது. எங்கள் தெருவிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். கிரில் கேட்டையே இரண்டு வருடத்தில் தின்றுவிடுகிற உப்புக்காற்று. டிஸ்கின் மேல் படிகிற செந்துரு பெரிய விஷயமில்லை, நாலு முறை பிரேக் பிடித்தால், டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடே தேய்த்து எடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துருதான் வினை. டிஸ்கின் நடுவில் தொப்பி மாதிரி இருக்கும் பகுதி, சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் மேல் உட்காருகிற இடத்தில், இரும்புக்கும் இரும்புக்கும் இடையே தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கேட்டு, உப்பி, இரண்டையும் ஒன்றாக இறுக்கிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் மாமல்லபுரம் போகும்போது, எண்பதில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கையில் நடுங்கியது. மறுநாளே பக்கத்து ஷெட்டில் விட்டேன். ஆறேழு வருடமாகப் பார்க்கிற ஷெட். ஆயில் மாற்ற, பேட்டரி மாற்ற அங்கேதான் போவோம்.

ஓட்டிப் பார்த்துவிட்டு ஓனர் சொன்னார்: "டிஸ்க் போச்சு சார். பேடும் தேஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் மாத்திடலாம்."

மறுநாள் மத்தியானம் போன். "சார், டிஸ்க் ஹப்போட ஒட்டிக்கிச்சு. பசங்க காலையிலேர்ந்து அடிச்சுப் பாக்குறாங்க, வரமாட்டேங்குது. ஹப் பிரஸ்ல வெச்சுத்தான் எடுக்கணும். லேபர் கொஞ்சம் கூட ஆகும்."

"எடுத்துருங்கண்ணே" என்றேன். ஹப் பிரஸ் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

சாயங்காலம் போனபோது வண்டி தயாராக நின்றது. "பழைய டிஸ்க் எங்கண்ணே?" என்று கேட்டேன். இதைக் கேட்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். ஓனர் மூலையைக் காட்டினார். சுவரில் சாய்த்து, துருப்பிடித்த டிஸ்க் இரண்டு. "பாருங்க சார், எப்படித் தின்னிருக்கு." போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். அப்பா கட்டைவிரல் போட்டார். டிஸ்க் இரண்டு 7,800, பேட் செட் 2,600, ஹப் பிரஸ் மற்றும் லேபர் 3,500. ஜிபே. கையில் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண் இல்லை என்பதையும் அன்றைக்குப் பார்க்கவில்லை.

நடுக்கம் குறைந்த மாதிரி இருந்தது. முழுதாகப் போகவில்லை. கேட்டதற்கு, "புது டிஸ்க், புது பேட் சார். செட் ஆக ஐந்நூறு கிலோமீட்டர் ஆகும்" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. புது பேட் டிஸ்கில் படிய உண்மையிலேயே சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதனால் காத்திருந்தேன். ஐந்நூறு தாண்டியது, எழுநூறு தாண்டியது. நடுக்கம் பழையபடி வந்ததோடு, இடது பக்கத்திலிருந்து அறுபதுக்கு மேல் ஒரு ரீங்காரமும் சேர்ந்துகொண்டது.

ஒரு சனிக்கிழமை காலை, எதிர்வீட்டு மாமாவிடம் ஹைட்ராலிக் ஜாக்கியும் ஜாக்கி ஸ்டாண்டும் கடன் வாங்கி, வலது முன்சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்கைக் கழற்றும் எண்ணமெல்லாம் இல்லை. சும்மா பார்க்கத்தான்.

டிஸ்கின் வெளிவிளிம்பில் விரல் நகத்தை ஓட்டினேன், தடுக்கியது. பேட் படாத விளிம்பு தேயாமல் மேடாக நிற்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய டிஸ்கில்தான் அந்த மேடு இருக்கும், புதிதில் இருக்கவே இருக்காது. அடுத்துக் கண்ணில் பட்டது தொப்பிப் பகுதியில் பளபளவென்று சில்வர் ஸ்ப்ரே. டிஸ்குக்கு மட்டும் அடித்திருந்தால் பரவாயில்லை, வீல் போல்ட் மரையிலும் தெறித்திருந்தது. கழற்றி மாட்டிய டிஸ்க் என்றால் பெயின்ட் அங்கே எப்படிப் போகும்?

மூன்றாவது சாட்சி ஸ்குரூ. இந்த வண்டியில் டிஸ்கை ஹப்போடு பிடிக்க, தலை உள்ளே அமுங்கிய ஸ்டார் ஸ்குரூ பக்கத்துக்கு இரண்டு உண்டு. அதைக் கழற்றாமல் டிஸ்க் வெளியே வராது. நான் பார்த்தபோது ஒரு ஸ்குரூவின் தலை உளியால் கொத்தப்பட்டுக் கிடந்தது. இன்னொன்றின் பள்ளத்துக்குள் துரு அடைத்து, அதன் மேல் அதே சில்வர் பெயின்ட். உளி வைத்து முயன்றிருக்கிறார்கள், வரவில்லை, விட்டுவிட்டார்கள். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்ப்ரே அடித்து, புது பேடை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். பேட் மட்டும் நிஜமாகவே புதிது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போதுதான் போனில் அந்தப் பழைய போட்டோவைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினேன். சுவரில் சாய்ந்திருந்த இரண்டு டிஸ்கிலும் வீல் போல்ட்டுக்கு ஐந்து ஓட்டை. என் வண்டிக்கு நாலு நட்டு. கோபம் வருவதற்கு முன்னால் சிரிப்புதான் வந்தது. எவனோ பெரிய வண்டிக்காரனின் டிஸ்கைக் காட்டி என்னை அனுப்பியிருக்கிறார்கள். நானும் போட்டோ எடுத்து, அப்பாவும் கட்டைவிரல் போட்டு.

ஹப் பிரஸ் கதையும் அப்படித்தான். சில பழைய வண்டிகளில் டிஸ்க் ஹப்புக்குப் பின்பக்கம் மாட்டியிருக்கும், அதற்கு ஹப்பையே பிரித்தெடுக்க வேண்டிவரும். இந்த வண்டியில் டிஸ்க் ஹப்புக்கு முன்னால், தட்டு மாதிரி மேலே உட்கார்ந்திருக்கிறது. ஹப்பை அழுத்திப் பிரிக்கிற பிரஸ்ஸுக்கு இங்கே வேலையே இல்லை.

சரி, நாமே கழற்றுவோம் என்று இறங்கினேன். இதில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் 'ஒட்டிக்கிச்சு' என்ற சொல்லுக்குப் பயந்துதான் நான் 3,500 கொடுத்தேன்.

முதலில், வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி பஞ்சருக்கு மட்டும்தான். சுத்தியல் வேலைக்கு ஸ்டாண்ட் இல்லாமல் இறங்காதீர்கள். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக். பேடை டிஸ்கின் மேல் அழுத்துகிற காலிப்பரைக் கழற்றியதும் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. காலிப்பர் பிராக்கெட்டின் போல்ட் இரண்டும் 17 மி.மீ. ஸ்பானர். ஸ்பானரில் இரும்புக் குழாயை மாட்டி நீட்டி அழுத்தித்தான் அசைந்தது. பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், முகக்கவசம் போடுங்கள்.

ஸ்டார் ஸ்குரூவுக்குச் சாதாரண ஸ்குரூ டிரைவர் போட்டால் தலை மழுங்கும். பின்னால் சுத்தியலால் அடித்தால் தானே திரும்புகிற இம்பாக்ட் டிரைவர் என்று ஒன்று உண்டு. ஜி.பி. ரோட்டில் வாங்கினேன், 450 ரூபாய். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டிருந்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து நாலில் மூன்று ஸ்குரூ நாலைந்து அடியில் திரும்பிவிட்டன. உளி வாங்கிய ஸ்குரூ மட்டும் வரவில்லை. 8 மி.மீ. டிரில் பிட்டால் அதன் தலையைக் குடைந்து எடுத்தேன். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். வண்டி தயாரிக்கும்போது டிஸ்க் கீழே விழாமல் பிடிக்கத்தான் அந்த ஸ்குரூ. ஓடும்போது டிஸ்கை ஹப்போடு இறுக்கிப் பிடிப்பது வீல் நட்டுகள்தான்.

ஸ்குரூ போன பிறகும் டிஸ்க் அசையவில்லை. இந்த இடத்தில்தான் ஷெட் பையன் சுத்தியலை எடுத்திருப்பான். அதே டிஸ்கில் மரை போட்ட வெற்று ஓட்டை இரண்டு இருக்கிறது. அது இதற்காகவே கம்பெனி வைத்தது. எம்8 போல்ட், மரை இடைவெளி 1.25, நாற்பது மி.மீ. நீளம், ஹார்டுவேர் கடையில் இரண்டும் சேர்த்து இருபது ரூபாய். ஓட்டைக்குள் இருந்த துருவைக் குத்தி எடுத்து, எண்ணெய் விட்டு, இரண்டு போல்ட்டையும் கையால் முடுக்கி, பிறகு ஸ்பானரால் ஒன்றுக்குக் கால் சுற்று, மற்றதற்குக் கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் முடுக்கினால் டிஸ்க் சாய்ந்து இன்னும் இறுகிவிடும். போல்ட் ஹப்பில் முட்டி டிஸ்கை வெளியே தள்ளும். ஐந்தாறு கால்சுற்றில் 'டொக்' என்று ஒரு சத்தம், டிஸ்க் கையோடு வந்துவிட்டது. வலது பக்கம் போல்ட் வைத்ததிலிருந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது. இடது பக்கம் இன்னும் ஒரு இரவு ஊறவிட்டு, நடுநடுவே ரப்பர் சுத்தியலால் தட்டிச் சுற்ற வேண்டியிருந்தது.

இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அந்த அடி நேராக வீல் பேரிங்குக்குப் போகும், உள்ளே குண்டு உருளும் பாதையில் பள்ளம் விழும். என் இடது டிஸ்கின் தொப்பியில் சுத்தியல் தழும்பு ஏழெட்டு இருந்தது. அந்த ரீங்காரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது, நிரூபிக்க முடியாது. ஒட்டிய டிஸ்கை கேஸ் தீயில் சுடுகிறவர்களும் உண்டு. பேரிங்கின் சீலும் கிரீஸும் அதோடு போய்விடும்.

கழற்றிய டிஸ்கை வெர்னியரில் வைத்துப் பார்த்தேன். 18.6 மி.மீ. டிஸ்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் 19 என்று பொறித்திருக்கிறது. அதாவது ஓனர் சொன்ன நோய் சரி, டிஸ்க் உண்மையிலேயே மாற்ற வேண்டியதுதான். அது தெரிந்தும், எல்லைக்குக் கீழே தேய்ந்த டிஸ்கை இன்னும் தேய்த்து, பெயின்ட் அடித்து, புதிது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த வண்டியில்தான் அடுத்த மாதம் அம்மாவையும் அப்பாவையும் ஏற்காடு கூட்டிப்போவதாக இருந்தேன். பணத்தை விட எனக்கு ஆறாதது இதுதான். "வரல சார், வேற இடத்துல பாருங்க" என்று சொல்லியிருந்தால் அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லி வந்திருப்பேன்.

புது டிஸ்க் இரண்டு 6,400-க்குக் கிடைத்தது. மாட்டுவதற்கு முன் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகும்வரை தேய்த்தேன். அங்கே முடியளவு துருச்செதில் இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, புது டிஸ்கிலும் அதே நடுக்கம் வரும். ஹப் முகத்தில் மட்டும் செம்பு கிரீஸ் மெல்லிய பூச்சு, பேட் படும் பக்கத்தில் ஒரு பொட்டுகூடக் கூடாது. வீல் நட்டை முடுக்க வேண்டிய அளவு 108 நியூட்டன் மீட்டர். வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். புது டிஸ்க் நுழைய இடம் வேண்டி காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்திருப்பதால் முதல் மிதிக்குப் பெடல் தரைவரை போகும். எனக்குத் தெரிந்தே ஒருவர் இதை மறந்து சொந்தக் காம்பவுண்டுச் சுவரை இடித்திருக்கிறார்.

பழைய டிஸ்க் இரண்டையும் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மேஜையில் வைத்து, போனில் போட்டோவைக் காட்டி, "அண்ணே, இதுல எத்தனை ஓட்டை, அதுல எத்தனை ஓட்டை, எண்ணிச் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பையன் பண்ண வேலை சார், எனக்குத் தெரியாது" என்றார். ஹப் பிரஸ் என்று போன் பண்ணிச் சொன்னதும் பையன்தானா என்று கேட்டேன். பதில் இல்லை. டிஸ்குக்கான 7,800 அன்றே ஜிபேயில் வந்தது. 3,500-க்கு மட்டும், "பசங்க ஒருநாள் வேலை பாத்தாங்கல்ல சார்" என்கிறார்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். என் கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, அந்த ஐந்து ஓட்டைப் போட்டோ. முறையான பில் கேட்டு வாங்கியிருந்தால் இன்னும் பலமாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் ஷெட்டில் விடும் முன், மாற்றப்போகிற பாகத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்துவிடுகிறேன். டிஸ்க் என்றால் திரும்பி வந்ததும் சக்கரக் கம்பிகளுக்கு இடையே விரலை விட்டு விளிம்பைத் தடவிப் பார்க்கிறேன். சூடு ஆறிய பிறகு தடவுங்கள், நான் ஒருமுறை சுட்டுக்கொண்டேன்.

ஸ்டியரிங் நடுக்கம் சுத்தமாகப் போய்விட்டது. இடது பேரிங் சத்தம் அப்படியே இருக்கிறது, அது வீட்டில் செய்கிற வேலையில்லை. அடையாறு, வேளச்சேரி பக்கம், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேரிங் மாற்றித் தருகிற ஆள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.