இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலி: வாய்தா தேதி கட்சிக்காரர் கைக்கு வந்த பிறகு

உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரான நான், வழக்கின் நிலையையும் அடுத்த வாய்தாவையும் கைபேசியில் காட்டும் இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலியைச் சில ஆண்டுகளாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். உச்ச நீதிமன்றத்தின் மின்குழு (இ-கமிட்டி) வழிகாட்ட, தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இச்செயலிக்குக் கட்டணம் கிடையாது. வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், வழக்கறிஞர் பெயர் என எதைக் கொண்டும் தேடலாம் என்றாலும், நான் நம்புவது ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியே தரப்படும், எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சிஎன்ஆர் எண்ணைத்தான். மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், வரிசை எண், ஆண்டு எல்லாம் அதிலேயே அடங்கிவிடுவதால், ஒரே பெயர் கொண்ட இரண்டு வழக்குகள் குழம்ப வழியில்லை.

முன்பெல்லாம் குமாஸ்தா பெஞ்சு கிளார்க்கிடம் கேட்டு நாட்குறிப்பில் எழுதி வந்தால்தான் அடுத்த வாய்தா எங்களுக்கே தெரியும். கட்சிக்காரருக்கு நாங்கள் சொன்னதுதான் தேதி. சென்ற மாதம், பாகப்பிரிவினை வழக்கு போட்டிருக்கும் பெரியவர் ஒருவர், மஞ்சள் பையிலிருந்து கைபேசியை எடுத்து என் மேசை மீது வைத்தார். ஆங்கிலத்தில் இருந்த நடவடிக்கைக் குறிப்புகளைப் பேரன் படித்துச் சொல்லியிருக்கிறான். "எதிருரைக்குன்னே மூணு வாய்தா போயிருக்கே, ஏன் ஐயா?" என்று கேட்டார். பிரதிவாதி 30 நாளில் தாக்கல் செய்ய வேண்டிய பதிலான எதிருரைக்கு 90 நாள் வரை நீதிமன்றம் அவகாசம் தரலாம் என்பதையும், அதற்கு மேல் போனால் நாம் என்ன ஆட்சேபணை சொல்லலாம் என்பதையும் அரை மணி நேரம் விளக்கினேன். 'வாய்தா ஆகிவிட்டது' என்ற ஒற்றை வரியோடு அவரை அனுப்பிவைத்த காலத்தைவிட இதுவே நேர்மையான தொழில் என்று மனப்பூர்வமாகக் கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. நீதிமன்ற ஊழியர் பதிவேற்றியதைத்தான் செயலி காட்டும் என்பதால், பதிவு தாமதமானால் பழைய தேதியே நிற்கும். ஆகவே நாட்குறிப்பை நான் இன்னும் கைவிடவில்லை. சேமித்த வழக்குகளின் பட்டியல் அந்தக் கைபேசியிலேயே தங்கிவிடுவதால், கைபேசியை மாற்றுமுன் அதை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ள வேண்டும். பதிவிறக்கிய உத்தரவு படித்துப் பார்க்க உதவுமே தவிரச் சான்றிட்ட நகல் ஆகாது. மேல்முறையீடு என்றால் நகல் மனு போட்டே ஆக வேண்டும்.

2023இல், நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு ஒன்றிய அரசு 7,210 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியாவது நடவடிக்கைக் குறிப்புகளைத் தமிழில் தருவதற்குச் செலவாக வேண்டும் என்பது என் விருப்பம். அதுவரை, வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்டதும் சிஎன்ஆர் எண்ணைப் பெரிதாக எழுதிக் கட்சிக்காரர் கையில் கொடுக்கும்படி என் குமாஸ்தாவிடம் சொல்லியிருக்கிறேன்.