நாந்த்தா, ஓர்லேயானா? இரண்டு ஆற்றங்கரை விழாக்கள்

பிரான்ஸில் கோடை முடியும் நேரத்தில், ஆற்றங்கரையில் காசு செலவில்லாமல் இசை கேட்கவும் பழைய மரப் படகுகளைப் பார்க்கவும் ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு பெரிய விழாக்கள் இருக்கின்றன. நாந்த் நகரில், எர்துரு நதியில், ஆகஸ்டு கடைசி வாரத்தில் நடப்பது 'எர்துரு ராந்தெவூ'. 1987இல் தொடங்கிய இந்த ஜாஸ் விழா ஆண்டுதோறும் நடக்கிறது. ஓர்லேயான் நகரில், லுவார் நதியில், செப்டம்பர் பிற்பகுதியில் ஐந்து நாள் நடப்பது லுவார் விழா. அது 2003இல் தொடங்கியது, ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் வரும். இரண்டுக்கும் டிக்கெட் கிடையாது. ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போவது?

முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் படகுகளின் குணத்தை அதுதான் தீர்மானித்திருக்கிறது. நோர்-சூர்-எர்துரு என்ற ஊரிலிருந்து நாந்த் வரை எர்துருவின் கடைசி 28 கிலோமீட்டரில் தண்ணீர் தேங்கி நிற்பதால் ஓட்டமே தெரியாது. கரையோரம் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் பழைய சீமான்களின் மாளிகைகள். அவர்கள் உல்லாசமாகப் பொழுதுபோக்கிய நதி இது. எனவே இங்கே கூடும் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளில் பெரும்பாலானவை சொகுசுப் படகுகள்: வார்னிஷ் பளபளக்கும் மரப் பாய்க்கப்பல்கள், ஒல்லியான துடுப்புப் படகுகள், பித்தளைக் குழாய்களும் சிறு கொதிகலனும் கொண்ட நீராவிப் படகுகள். நீராவிப் படகுக்காரர் ஒரு கையால் கரியைத் தள்ளிக்கொண்டே மறு கையால் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருப்பார். மேடையில் சாக்ஸபோன் உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து அவர் விசிலை இழுத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

லுவார் அப்படிப்பட்ட நதி அல்ல. சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் பிரான்ஸின் மிக நீளமான ஆறு, செப்டம்பரில் மணல்திட்டுகள் தலைகாட்ட இளைத்துக் கிடக்கும். ஆழம் எங்கே, மணல் எங்கே என்பது வெள்ளத்துக்கு வெள்ளம் மாறும். அதனால் இந்த ஆற்றுக்காரர்கள் அடி தட்டையான படகுகளையே கட்டினார்கள். பெரிய சதுரப் பாய் ஒன்று, நீண்ட கழிகள், வலுவான தோள்கள், இவ்வளவுதான் அவர்களுடைய இயந்திரம். கடலிலிருந்து வீசும் மேற்குக் காற்று பாயில் நிரம்பினால், எர்துரு வந்து லுவாரில் சேரும் நாந்த்திலிருந்து ஓர்லேயானுக்கு எதிரோட்டத்தில் ஏறலாம். திரும்பும்போது ஆறே இழுத்துக்கொண்டு போய்விடும். ஓர்லேயானில் சரக்கை இறக்கி வண்டியில் ஏற்றினால் பாரிஸ். 1843இல் பாரிஸிலிருந்து ஓர்லேயானுக்கு ரயில் வந்தது, ஆற்று வணிகம் படிப்படியாகச் செத்துப்போனது. இன்று விழாவுக்கு வரும் படகுகளில் பல, பழைய அளவுகளைத் தேடிப் பிடித்து ஆர்வலர்கள் புதிதாகக் கட்டியவை.

படகோட்டுவதைப் பார்க்க வேண்டும் என்றால் ஓர்லேயானுக்குப் போட்டியே இல்லை. சுமார் 200 படகுகள், நூற்றுக்கணக்கான படகோட்டிகள், பிற நாட்டு நதிகளிலிருந்து வரும் விருந்தாளிகள். ஐந்தாம் ஜார்ஜ் பாலத்தருகே நின்றால் வித்தையே கண்முன் நடக்கும். பாலம் நெருங்கும்போது முதலில் பாய் இறங்குகிறது. பிறகு பாய்மரமே அடியிலிருந்து சாய்ந்து படகின் நீளத்துக்குப் படுத்துக்கொள்கிறது. முன்னால் நிற்பவர் இரும்புப் பூண் போட்ட கழியை ஆற்றுமணலில் ஊன்றி, உடல் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு, படகின் மூக்கைப் பால வளைவுக்கு நேராகத் திருப்புகிறார். தூணை ஒட்டி நீர் சுழித்துப் பாயும் இடத்தில் கழி ஒரு நொடி பிந்தினாலும் படகு குறுக்கே போய்விடும். பாலம் தாண்டியதும் உருளையில் கயிற்றைச் சுற்றி மரத்தை மறுபடி நிமிர்த்துகிறார்கள். இதைப் பார்த்த பிறகு எர்துருவின் வார்னிஷ் அழகிகள் கொஞ்சம் சோம்பேறிகளாகத்தான் தெரிவார்கள்.

இசையில் நிலைமை தலைகீழ். ஓர்லேயானில் படகுக்காரர் பாட்டு, அக்கார்டியன், தெருக்குழுக்கள் என்று எல்லாம் கலகலப்பாக இருக்கும், ஆனால் எதையும் உட்கார்ந்து கேட்கத் தோன்றாது. நாந்த்தில் ஜாஸுக்கு வேர் இருக்கிறது. 1918 பிப்ரவரி 12 அன்று, லெப்டினன்ட் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் தலைமையில் நியூயார்க் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றின் இசைக்குழு இந்நகரின் கிராஸ்லின் அரங்கில் வாசித்தது. ஐரோப்பிய மண்ணில் நடந்த முதல் ஜாஸ் கச்சேரி அதுதான் என்று பலரும் சொல்கிறார்கள். 'முதல்' என்ற பட்டத்துக்கு எப்போதும் போட்டி உண்டு, ஆனால் கச்சேரி நடந்ததில் சந்தேகமில்லை.

இதற்கும் முந்தைய கதை கசப்பானது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் முதன்மையான அடிமை வணிகத் துறைமுகம் நாந்த். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விற்ற கப்பல்கள், அங்கிருந்து சர்க்கரையோடு திரும்பின. அந்தக் கச்சாச் சர்க்கரை லுவாரின் தட்டைப் படகுகளில் ஏறி ஓர்லேயானின் ஆலைகளுக்குப் போனது. ஆக, இரண்டு ஊர்களும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தவை. நாந்த்தில் 2012இல் திறக்கப்பட்ட அடிமை ஒழிப்பு நினைவகத்தின் நடைபாதையில் ஏறத்தாழ 2,000 கண்ணாடிப் பலகைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கப்பலின் பெயரும் புறப்பட்ட தேதியும் இருக்கும். எர்துரு கரையிலிருந்து நடக்கும் தூரம்தான். அங்கே போய்விட்டு வந்து மாலையில் அடிமைகளின் வழிவந்த கறுப்பின அமெரிக்கர்களின் இசையான புளூஸ் கேட்டால், அந்த இசை அந்த ஊரில் வெறும் கேளிக்கையாக ஒலிக்காது. ஓர்லேயான் விழாவில் சர்க்கரையைப் பற்றி இன்னும் உரக்கப் பேசலாம் என்பது என் கருத்து. சரக்குப் படகைக் கொண்டாடும்போது சரக்கின் கதையையும் சொல்லத்தானே வேண்டும்?

நாந்த்தில் கச்சேரி கேட்பதில் ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர்மேல் மிதக்கும் மேடையும் கரையில் குந்திய கூட்டமும் படத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் நகர மையத்தில், குறிப்பாக சனி இரவில், முன்னால் இடம் பிடிக்காதவர்கள் கேட்பது பாதி ட்ரம்பெட், பாதி பக்கத்துக் குடும்பத்தின் பேச்சு. இலவசம் என்றால் வந்துபோகிறவர்களும் இருப்பார்கள், அது நியாயமே. ஜாஸை மட்டும் கருத்தாகக் கேட்பவர்கள் ஜூன் கடைசியிலிருந்து ரோன் நதிக்கரை ஊரான வியென்னுக்குப் போகலாம். 1981 முதல் அங்கே ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கில் சுமார் 7,500 பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஆனால் அந்த அரங்குக்குப் பணம் கட்ட வேண்டும், படகும் கிடையாது. இந்தக் கணக்கில் அது சேராது.

எர்துரு ராந்தெவூவின் உண்மையான சுகம் நாந்த்துக்கு வெளியே இருக்கிறது. ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களிலும் கச்சேரிகள் நடக்கின்றன. படகுகளும் மேலிருந்து கூட்டமாக இறங்கி நகரத்துக்கு வருகின்றன. சூசே-சூர்-எர்துருவின் கரையில் உட்கார்ந்தால் படகுக்காரரிடம் பேச்சுக் கொடுக்கலாம், மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம், கச்சேரியில் மெல்லிசான தாள நுணுக்கமும் காதில் விழும். நாந்த் நிலையத்திலிருந்து ஷாத்தோப்ரியான் செல்லும் டிராம்-ரயில் சூசேயில் நிற்கும். நகரத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்றால் பகலில் வெர்சாய் தீவுக்குப் போங்கள். ஒரு காலத்தில் படகு கட்டுபவர்களும் வெளுப்பவர்களும் வேலை செய்த தீவு, இப்போது ஜப்பானியத் தோட்டம். இரண்டாம் எண் டிராமில் சென்-மியேல் நிறுத்தத்தில் இறங்கினால் போதும்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு நாந்த் பக்கம் தோதானது. மரக்கோதுமை (பக்வீட்) மாவில் சுட்ட காலெத் என்ற மெல்லிய தோசை, பாலாடைக்கட்டி வைத்தது, எங்கும் கிடைக்கும். ஓர்லேயானில் வறுத்த ஆற்றுமீனை விட்டுவிட்டு வருவது மீன் தின்பவர்களுக்குக் கஷ்டம்.

என் தேர்வு: இரட்டைப்படை ஆண்டில் யோசிக்கவே வேண்டாம், நாந்த். ஒற்றைப்படை ஆண்டில், படகு கட்டுவதிலோ ஆற்று வரலாற்றிலோ கொஞ்சமாவது ஈடுபாடு இருந்தால் ஓர்லேயான். பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவு என்பதால் காலையில் போய் இரவு திரும்பலாம். நாந்த்துக்கு டிஜிவி என்ற அதிவேக ரயிலிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஆகஸ்டு கடைசி என்பதால் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காவிட்டால் 'இலவச' விழா கையைக் கடிக்கும்.

பாரிஸ் தமிழர்களுக்கு இன்னொரு தொல்லை. மாணிக்க விநாயகர் ஆலயத் தேரும் ஆகஸ்டு கடைசி அல்லது செப்டம்பர் தொடக்க ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். இரண்டும் ஒரே வார இறுதியில் மோதினால் வெள்ளிக்கிழமையே நாந்த் போய், சனிக்கிழமை மாலை ரயிலில் திரும்பிவிடுங்கள். சனி இரவுக் கூட்டத்திலிருந்தும் தப்பித்தது போலாகும்.